மாற்றுச் சிறுநீரகமும் டாக்ரோலிமஸ் மருந்தும்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி பெற்ற காலத்தில் இல்லாத டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரியில் கண்டறியப்பட்டு, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதவாறு நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் முதன்மை மருந்தாக இன்று விளங்குகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு மிகும்போது, சிறுநீரக வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுசேர்க்கும் நுண்தமனி சுருங்கி, கிரியேட்டினின் என்னும் கழிவு உயர்கிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் திசு தழும்பேறிவிடும். திண்டுக்கல் சமவெளியின் கோடையில் நீர்ச்சத்து குறைந்திருக்கையில், மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரை இக்கேட்டை மேலும் கடுமையாக்கும். பம்பளிமாஸ் பழமோ மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும் என்பது பலர் அறியாத, வருந்தத்தக்க உண்மை. அளவறியும் பரிசோதனைக்குக் காலை மாத்திரையை விழுங்குமுன்பே இரத்தம் கொடுத்தல் வேண்டும். விழுங்கியபின் கொடுத்தால் அளவு மிகையாகத் தோன்றி, மருந்தைத் தேவையின்றிக் குறைக்க நேரிடும்.