அலரும் புகழும்



இளையோர்க்கென எழுதப்பெற்ற அமெரிக்கப் புதினம் ஒன்றைக் குறித்துப் பேச விழைகின்றேன். பெக்கி ஆல்பர்டாலி எழுதி, 2015-இல் வெளிவந்த ‘சைமன் வெர்சஸ் த ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா’ என்பதே அது.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரையடுத்த கற்பனைச் சிற்றூர் ஒன்றே கதைக்களம். பதினாறு வயதுச் சைமன், ‘புளூ’ என்னும் புனைபெயருடைய மாணவனோடு, தானும் புனைபெயர் பூண்டு, மின்னஞ்சல் வழியே அன்பு வளர்க்கின்றான். ஒரே பள்ளியினராயினும் இன்னார் என்று ஒருவரையொருவர் அறியார். பள்ளி நூலகக் கணிப்பொறியில் சைமன் மூடாது விட்ட கடிதங்களை உடன்பயிலும் மார்ட்டின் கண்டு படியெடுக்கின்றான். தன் காதலுக்குத் துணை நில்லாவிடில் வெளியிடுவேன் என மிரட்டுகின்றான். பின்னர்ச் சைமனின் தன்பாலீர்ப்பை இணையத்தில் ஊரறியச் செய்தும் விடுகின்றான்.

அகப்பாடல்களில் தோய்ந்த நமக்கு இஃது அம்பலும் அலருமாகவே தோன்றும். ஆயினும் வேறுபாடு பெரிது. நம் அகமரபில் அலர் காதலரை வரைவு நோக்கி உந்தும். தோழி அதனையே காட்டித் தலைவனை மணத்திற்கு வற்புறுத்துவாள். சைமனுக்கோ அலர் எவ்வழியையும் திறந்துவிடவில்லை. தன்னைப் பற்றித் தானே, தான் தேர்ந்த வேளையில், தான் தேர்ந்தவரிடம் சொல்லும் உரிமையை அது பறித்துக்கொண்டது. மார்ட்டினிடம் அவன் சினந்து கூறுவதன் சாரமும் இதுவே. சைமனின் பெற்றோர் அன்புடையோர், நண்பர்களும் நல்லோர். அத்தகையோர் நடுவிலும் இழப்பு இழப்பே என்று காட்டுவதில்தான் இப்புதினத்தின் நுட்பம் உள்ளது.

2018-இல் ‘லவ், சைமன்’ எனத் திரைப்படமாக இக்கதை வந்ததும் ஆசிரியரின் புகழ் பெருகிற்று. புகழோடு ஒரு வினாவும் வந்தது: ஓர் ஆணை மணந்து வாழும் இவர், இக்கதையை எழுத உரிமையுடையவரா? தம் கதையைப் பிறர் சொல்லவே கேட்டுவந்தோர் அவ்வாறு வினவியதில் நியாயம் உண்டு. ஆனால் வினா நாளடைவில் விசாரணையாயிற்று. தாம் இருபாலீர்ப்பு உடையவர் என்று 2020 ஆகஸ்டில் ஆல்பர்டாலி எழுத நேர்ந்தது. அவ்வெழுத்தில் மகிழ்ச்சியினும் வேதனையே மிக்கிருந்தது. சைமனுக்கு நேர்ந்தது, சைமனைப் படைத்தவர்க்கும் நேர்ந்தது. சிற்றூரில் அலர் செய்ததைப் பேருலகில் புகழ் செய்து முடித்தது.

அன்பர்களே, நூலின் குறைகளை எத்துணைக் கடுமையாகவும் ஆராய்வோம். பாத்திரங்கள் உயிரோடு நடமாடுகின்றனவா என்று கேட்போம். எழுதியவர் தம் நெஞ்சைத் திறந்து சான்று காட்டுக என்று மட்டும் கேளாதிருப்போம். அகத்திணைத் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என விதித்த மரபு நம்முடையது. காதலின் பெயரைச் சொல்லும் உரிமை காதலர்க்கே உரியது என்று நாம் இன்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.