நமக்குன்னு கட்சி இல்லை, ஓட்டு இருக்கு!

(திருவதிகையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)

 

தேர்தல் வந்தா நம்ம ஊருக்குள்ள எத்தனை கார் வருது, எத்தனை கும்பிடு விழுது! ஓட்டு எண்ணி முடிச்ச மறுநாள் ஒரு கார் உண்டா? அதனால்தான் போன சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "எந்தக் கட்சியும் நமக்கு இல்லைன்னு நீங்களே பேசுறீங்க. அப்ப நாங்க யாருக்குத்தான் போடறது?" நியாயமான கேள்வி. இதற்கு நேராகப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

எந்தக் கட்சியும் நமக்கு இல்லை என்று ஏன் சொல்கிறோம்?

வெறும் கோபத்தில் சொல்லவில்லை. கணக்கோடு சொல்கிறோம். தொழிலுக்கு நிலம் எடுக்க 1997ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். அப்போது தி.மு.க. ஆட்சி. 2013ல் மத்தியில் காங்கிரஸ் ஆட்சியில் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. நிலம் எடுக்கும் முன் அந்த ஊர் என்ன பாதிப்படையும் என்று ஆய்வு செய்யணும், ஊர்மக்களைக் கூட்டிக் கேட்கணும் என்று அதில் இருந்தது. நமக்கு ஒரு பிடி கிடைத்தது என்று நினைத்தோம். ஆனால் 1997 சட்டத்தில் எடுக்கிற நிலத்துக்கு அந்த ஆய்வு தேவையில்லை என்று அ.தி.மு.க. ஆட்சியில் திருத்தம் போட்டார்கள். 2019ல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் இன்னொரு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

நெய்வேலியில் நிலக்கரி தோண்டுவது மத்திய அரசு நிறுவனம். அதற்கு நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில அரசு. சென்னையில் கேட்டால் டெல்லியைக் கை காட்டுவார்கள், டெல்லியில் கேட்டால் சென்னையைக் கை காட்டுவார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நேரத்து நெற்பயிர் மேல் இயந்திரத்தை ஏற்றிக் கால்வாய் வெட்டினார்களே, அப்போது மத்தியில் பா.ஜ.க., மாநிலத்தில் தி.மு.க. நிலத்தை முன்னமே எடுத்தாச்சு, பணமும் கொடுத்தாச்சு என்றது நிறுவனம். அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று நீதிமன்றமே கேட்டது. எதிரணியில் இருக்கும்போது நம்ம பக்கம் நிற்காத கட்சி இல்லை. ஆட்சிக்கு வந்தபிறகு நின்ற கட்சியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம்ம திருவதிகையில் சுரங்கம் இல்லையே என்று யாரும் நினைக்காதீங்க. தண்ணிக்கு வேலி கிடையாது. சுரங்கத்துக்கு அடியில் இருக்கிற ஊற்றுத் தண்ணியை இறைச்சால்தான் அங்கே கரி வெட்ட முடியும். கெடிலம் ஓரத்திலேயே கிணறு வற்றி, போர் போட்டு, அந்தப் போரையும் ஆழப்படுத்தி நிற்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது. தாத்தா வச்ச மரம் பேரன் கண் முன்னால் விழுந்தது. அன்றைக்கு வந்து பார்த்துட்டுப் போனவர்கள் பட்டியலும் நம்மிடம் இருக்கு, திரும்பி வந்தவர்கள் பட்டியலும் இருக்கு. இரண்டாவது பட்டியல் ரொம்பச் சின்னது.

புறக்கணிப்பா? நோட்டாவா?

சிலர் தேர்தலையே புறக்கணிப்போம் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு கருப்புக்கொடி கட்டினால், முதல் நாள் ராத்திரி அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள் என்பது உண்மைதான். ஒரு சாலை, ஒரு தண்ணித் தொட்டி வாங்க அது உதவும். நிலப் பிரச்சினைக்கு உதவாது. நாம் போகாவிட்டால் நம்ம ஓட்டு இல்லாமலே ஒருத்தர் ஜெயிப்பார். அவருக்கு நம்மிடம் பட்ட கடன் ஒன்றும் கிடையாது.

இன்னும் சிலர் நோட்டா என்கிறார்கள். முன்பு 49-ஓ என்று ஒன்று இருந்தது. வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லி, எல்லோருக்கும் தெரியப் பதிவு பண்ணணும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகு இயந்திரத்திலேயே பொத்தான் வந்தது, ரகசியமும் வந்தது. நல்லதுதான். ஆனால் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும்: நோட்டாவுக்கு எல்லோரையும்விட அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் யாருக்கு அதிகமோ அவர்தான் எம்.எல்.ஏ., எம்.பி. ஆளுக்கொருவர் தனித்தனியாகக் கோபத்தில் அமுக்கினால் அது காற்றில் போகும். ஊரே பேசி முடிவெடுத்துக் காரணத்தைச் சொல்லி அமுக்கினால் அது கணக்கில் நிற்கும்.

நாமே நின்றால்?

இதையும் நம்மவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் மொத்தமாக மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1033 வேட்பாளர்கள்! ஓட்டுச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலே தள்ளிப் போனது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் பலருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அரசு செய்த கைம்மாறு என்ன தெரியுமா? சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். இன்றைக்கு அது 10,000.

2019ல் தெலங்கானாவில் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் 170 பேருக்கு மேல் நாடாளுமன்றத்துக்கு நின்றார்கள். ஜெயிக்க நிற்கவில்லை. மஞ்சளுக்கு விலை வேணும், மஞ்சள் வாரியம் வேணும், இந்த இரண்டு கோரிக்கைதான். முதலமைச்சரின் மகள் கவிதா அங்கே எம்.பி. அவர் சுமார் 70,000 ஓட்டில் தோற்றார். வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க. வேட்பாளர் ஜெயித்தார். அதன்பிறகும் விவசாயிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாரியம் தொடங்கியது 2025 ஜனவரியில்! ஓட்டால் கதவைத் தட்டலாம். அது திறக்கிற வரைக்கும் அங்கேயே நிற்கணும்.

நம்ம தென்னார்க்காட்டுக் கதையையும் மறக்கக் கூடாது. 1952 தேர்தலில் இங்கே எழுந்த உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடம் பிடித்தது. சில ஆண்டுகளில் தலைவர் அமைச்சரானார், கட்சி காங்கிரஸோடு கலந்தது. நம்மில் ஒருத்தர் போய் உட்கார்ந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. அனுப்பி வைத்தவர்களுக்கு அவரைக் கேள்வி கேட்கத் தெரியணும்.

சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்?

சங்கம் இந்தக் கட்சிக்குப் போடு, அந்தக் கட்சிக்குப் போடு என்று சொல்லாது. ஓட்டு உங்களுடையது. ஆனால் எப்படி முடிவெடுப்பது என்று நாலு பேர் உட்கார்ந்து பேசியதைச் சொல்கிறோம்.

ஒன்று: ஊரே கூடி மூன்று கேள்வியை எழுதுவோம். நிலம் எடுக்கும் முன் ஊரைக் கேட்கும் ஆய்வைத் திரும்பக் கொண்டுவரக் குரல் கொடுப்பீங்களா? 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம்ம பண்ருட்டி வட்டாரம் இல்லையே, சேர்க்கச் சொல்வீங்களா? நிலத்தடி நீர் மட்டத்தை ஆண்டுதோறும் ஊருக்கு ஊர் அறிவிக்க வைப்பீங்களா? எல்லா வேட்பாளரிடமும் கொடுப்போம். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கையெழுத்து வேணும்.

இரண்டு: ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார் என்று பார்ப்போம். வாக்குறுதியை விட நடத்தைதான் சாட்சி.

மூன்று: ஓட்டுக்குப் பணம் வாங்க மாட்டோம். பணம் கொடுத்தவன் நமக்கு விலை கொடுத்துட்டான், அப்புறம் எந்த முகத்தோடு கேள்வி கேட்பது? பணப் புழக்கத்தால் 2019ல் வேலூர்த் தேர்தலையே நிறுத்தினார்கள். அந்த அவமானம் நமக்கு வேண்டாம்.

நான்கு: யாரும் கையெழுத்துப் போடவில்லையா? அப்போது ஊராகச் சேர்ந்து நோட்டா. ஒருவர் போட்டாரா? அவர் எந்தக் கொடியானாலும், எந்தச் சாதியானாலும் யோசிப்போம்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறோம். நீங்க யாருக்குப் போட்டீங்க என்பது ரகசியம். ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனை என்பது தேர்தல் முடிந்ததும் வெளியாகும். கட்சிக்காரன் அதைத்தான் முதலில் புரட்டுவான். தனி ஆள் ஓட்டு மறைந்து போகும், ஊர் ஓட்டு அவன் கண்ணில் படும். சிதறிப் போட்டால் நாம் கூட்டம். சேர்ந்து போட்டால் நாம் சக்தி.

சூலை நோயோடு இந்த ஊருக்கு வந்த அப்பர் பெருமான், பிறகு அரசன் ஆள் அனுப்பியும் அஞ்சவில்லை என்று நம்ம வீரட்டானத்து வாசலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கும்பிடு போட வருகிறவனைப் பார்த்து நாம் ஏன் கூசணும்? நிமிர்ந்து கேட்போம். தேர்தல் முடிந்ததும் கையெழுத்துத் தாளோடு ஒவ்வொரு கிராமசபையிலும், ஒவ்வொரு குறைதீர்ப்புக் கூட்டத்திலும் எழுந்து நிற்போம்.

கேட்காத வாய்க்கு நீதி இல்லை!
பிரிந்த ஊருக்கு மதிப்பு இல்லை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!