பெக்கோவின் பில்டரும் நம்முடைய கொப்பியும்

(வடக்கில் இயந்திர வேலை செய்யும் மலையக இளைஞர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் மருதனார்மடத்தில் கூடியபோது ஆற்றிய உரை.)



தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் பெக்கோவில் என்ன வேலை என்று சிலர் நினைப்பீர்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று இந்தப் பக்கம்தான் ஒப்பரேட்டராகவும் ஹெல்பராகவும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு லயத்துக்கு வரும்போது மெஷினின் கையேட்டையும் கொண்டு வந்து, "டீச்சர், இந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்பார்கள். கையேடு இங்கிலீசில் இருக்கும். அவர்களோடு சேர்ந்து வாசித்ததில் நானும் கொஞ்சம் படித்துக்கொண்டேன். மெஷின் ஓட்ட எனக்குத் தெரியாது. பில்டரைப் பற்றிப் பேசத் தெரியும்.

பில்டரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஓட்டிய மெஷினில் ஹைட்ரோலிக் பம்ப் போய்விட்டது. "நீ கவனிக்கவில்லை" என்று சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பில்டரை மாற்ற வேண்டும் என்று அவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். வாயால்தான் சொன்னார், எழுத்தில் ஒன்றும் இல்லை. கடைசியாக எப்போது மாற்றியது, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று கேட்டபோது அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

கொழுந்து எடுக்கும் தாய்மாருக்கு இது புதுக் கதை அல்ல. தராசில் நிறுத்த பிறகு ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். நாள் முழுதும் நின்றும் அரைப்பேர்தான் விழும். தன் கிலோவைத் தானே கொப்பியில் எழுதி வைத்திருக்கும் அம்மாவிடம் மட்டும் கணக்கப்பிள்ளை கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார். பெக்கோவுக்கும் அப்படி ஒரு கொப்பி வேண்டும். அதில் என்ன எழுதுவது என்று தெரிய வேண்டுமானால், பில்டர் என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் நின்றவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பி.ஓ.பி. ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம் என்று கண்ணறையின் அளவுதான் பிரிக்கிறது. ஒயில் பில்டரும் சல்லடைதான், ஆனால் அதன் கண்ணறை நம் கண்ணுக்கு அகப்படாது. ஒரு தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். 40 மைக்ரோனுக்குக் கீழே உள்ள தூளை நம் கண் பார்க்காது. பெக்கோவின் ரிட்டர்ன் பில்டர் பிடிக்க வேண்டியது 10 மைக்ரோன் அளவு தூளை. பம்புக்குள் ஓடும் பாகங்களுக்கு இடையில் உள்ள இடைவெளியே சில மைக்ரோன்தான். ஆகவே "ஒயில் தெளிவாகத்தானே இருக்கு" என்று முதலாளி சொன்னால் அது ஒரு சாட்சியே அல்ல.

20 தொன் மெஷினில் இந்த ஒயில் ஏறத்தாழ 350 பார் அமுக்கத்தில் ஓடுகிறது. கார் ரயரில் இருக்கும் காற்றை விட 150 மடங்குக்கு மேல். அந்த அமுக்கத்தில் ஓடும் தூள், அரம் போல உலோகத்தை அராவும். அராவிய உலோகமும் தூளாகி ஒயிலில் சேர்ந்து மேலும் அராவும்.

பில்டர் என்று ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தாங்கிக்குள் பம்ப் உறிஞ்சும் வாயில் கம்பி வலை ஒன்று. வேலை முடிந்து ஒயில் தாங்கிக்குத் திரும்பும் இடத்தில் ரிட்டர்ன் பில்டர், இதுதான் பெரியது. லீவரின் கட்டளையைக் கொண்டு போகும் சின்ன லைனில் பைலட் பில்டர். தாங்கியின் மூடிப் பக்கத்தில் பிரீதர். சிலிண்டர் நீளும்போதும் சுருங்கும்போதும் தாங்கி மூச்சு விடும், அந்த மூச்சோடு தூசி உள்ளே போகாமல் தடுப்பது பிரீதர். நான் விசாரித்த அளவில் எல்லோரும் மறப்பது இந்தச் சின்னச் சாமானைத்தான்.

இதில் மோசமான விசயம் ஒன்று உண்டு. ரிட்டர்ன் பில்டர் அடைபட்டால் மெஷின் நிற்காது. பில்டர் வெடிக்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். அடைப்புக் கூடியதும் அது திறந்து, ஒயிலை வடிக்காமலே தாங்கிக்கு விட்டுவிடும். மெஷின் நல்லாத்தான் ஓடும், முதலாளிக்கும் சந்தோசம். பம்ப் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும்.

எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவது? பல மெஷின்களின் கையேட்டில் ரிட்டர்ன் பில்டருக்கு 1000 மணித்தியாலம் என்று இருக்கும். உங்கள் மெஷினின் கையேடு சொல்வதுதான் கணக்கு. ஆனால் அது சாதாரண மண் வேலைக்கு. இந்தக் குடாநாட்டில் மண்ணை இரண்டு அடி தோண்டினால் பல இடங்களில் சுண்ணாம்புக்கல். பிரேக்கர் பூட்டித்தான் உடைக்கிறீர்கள். பிரேக்கர் வேலையில் ஒயில் சூடாகும், சீல் தேயும், வெள்ளைத் தூசி எங்கும் ஏறும். அந்த வேலைக்கு இடைவெளியைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்லிக் கையேடுகளிலேயே தனிப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டில் சிக்கல் வேறு. அங்கே தூசியைவிடத் தண்ணீரும் சேறும்தான் எதிரி. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அந்தச் சேற்றைத் தோண்ட இறங்கியது பெக்கோதான். ஒவ்வொரு மழைக்காலமும் நம் பாதைகளைத் திறப்பதும் அதுதான். சேறு பூசிய சிலிண்டர் தண்டு உள்ளே போய் வரும்போது தேய்ந்த சீல் வழியாகச் சேறும் போகும். நுவரெலியாக் குளிரில் காலையில் ஒயில் தடித்திருக்கும், பில்டர் கடதாசியால் புகமுடியாமல் பைபாஸைத் திறந்துகொண்டு ஓடும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பாரம் இல்லாமல் சூடேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கங்காணி அவசரப்படுத்தினாலும் சரி.

இனி, மெஷின் சுகமில்லை என்று எப்படித் தெரியும்? ஒரு கை மட்டும் மெதுவாக இருந்தால் பில்டரைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்தச் சிலிண்டரின் சீலையோ வால்வையோ பாருங்கள். எல்லா வேலையும் மெதுவானால்தான் பொது இடத்தில் கோளாறு. லீவர் இழுத்தும் எல்லாமே சோம்பலாக அசைந்தால் பைலட் பில்டரைப் பாருங்கள். பம்ப் பக்கம் கீச்சிடும் சத்தம், கூழாங்கல் உருட்டுவது போன்ற இரைச்சல் வந்தால் உறிஞ்சும் வலை அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. குளிரில் நன்றாக இருந்து, சூடாகச் சூடாகச் சோர்ந்தால் பம்ப் தேய்ந்திருக்க இடமுண்டு. ஒயில் நுரைத்தால் காற்று. பால் தேத்தண்ணி நிறத்தில் நின்று, இரவு போத்தலில் வைத்தும் தெளியாவிட்டால் தண்ணீர். சந்தேகம் என்றால் சூடான தகட்டில் ஒரு துளி விடுங்கள், தண்ணீர் இருந்தால் வெடித்துச் சத்தம் போடும்.

பழைய பில்டரை எறிய வேண்டாம். வெட்டி, கடதாசி மடிப்பை விரித்துப் பாருங்கள். மஞ்சள் பித்தளைச் சீவல் இருந்தால் பம்ப் அல்லது மோட்டாரின் உள்பாகம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் இரும்பு, பெயாரிங் பக்கம் சந்தேகப்படலாம். கறுப்பு ரப்பர் துண்டு சிலிண்டர் சீலிலிருந்து வந்தது. காந்தத்தில் ஒட்டாத மணலும் வெள்ளைத் தூளும் வெளியிலிருந்து வந்தவை, பிரீதரையும் தண்டுச் சீலையும் பாருங்கள். இதைப் படம் எடுங்கள், மணிமானி காட்டும் எண்ணும் படத்தில் விழட்டும். பம்ப் போன பிறகு உங்களைக் காப்பாற்றப் போவது இந்தப் படம்தான்.

மாற்றும் முறையில் அவசரம் கூடாது. சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்திய பிறகு சாவியை ஓன் நிலையில் வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் அசையுங்கள், லைனில் தங்கிய அமுக்கம் இறங்கும். தாங்கி மூடியை மெதுவாகத் தளர்த்திக் காற்றை விடுங்கள். மூடியைச் சுற்றிக் கழுவித் துடைத்த பிறகே திறவுங்கள், இல்லாவிட்டால் மாற்றும் நாளில்தான் அதிக மண் உள்ளே போகும். நூல் உதிரும் பழந்துணி வேண்டாம். புதிய பில்டரின் பொலித்தீனைக் கடைசி நிமிடத்தில் கிழியுங்கள். பழைய கடதாசிப் பில்டரைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து மீண்டும் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காற்றடித்த கடதாசியில் ஓட்டை விழும், ஓட்டை விழுந்ததும் தெரியாது. பூட்டிய பிறகு, கையேடு காட்டும் ஆணியைத் தளர்த்திப் பம்பிலிருந்து காற்றை வெளியேற்றி, சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். காற்றோடு ஓடிய புதுப் பம்பும் நிலைக்காது.

தாய்மாரே, மனைவிமாரே, இதை நீங்களும் கேளுங்கள். ஹோஸில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தால் அதைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அமுக்கத்தில் ஒயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். துளைத்த இடத்தில் சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலியும் குறைவு. பிள்ளை வீட்டுக்கு வந்து பினடோல் போட்டுப் படுக்கப் பார்ப்பான், விடாதீர்கள். சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ உடனே கொண்டு போங்கள். "அமுக்கத்தில் ஒயில் ஏறியிருக்கு" என்று அதே சொற்களில் டொக்டரிடம் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. காயத்தை அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள்.

வடித்த ஒயிலை எங்கே ஊற்றுகிறீர்கள்? நாம் இருக்கும் இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சுன்னாகம். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்தைப் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. இங்கே வற்றாத ஆறு இல்லை, குடிப்பது கிணற்றுத் தண்ணீர், கீழே வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல். தரையில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதுதான். மலையில் ஊற்றினால் நம் பீலித் தண்ணீரில் வரும். பீப்பாயில் சேர்த்து, பழைய ஒயில் எடுப்பவரிடம் கொடுக்கச் செய்யுங்கள். எத்தனை லீற்றர் என்றும் எழுதுங்கள்.

இப்போது கொப்பிக்கு வருவோம். சாதாரணக் கொப்பியோ பழைய டயரியோ போதும். திகதி, மணிமானி எண், என்ன பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள், எந்தப் பில்டர், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். வட்ஸ்அப்பில் முதலாளிக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள், கோபமாக அல்ல, "ஐயா, மெஷின் 1000 மணி தாண்டிவிட்டது, பில்டர் எடுத்துத் தாருங்கள்" என்று. நல்ல முதலாளி நன்றி சொல்வார், அப்படிப்பட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் பொருந்தும் தொழில்களில், அனுமதிக்கப்பட்ட கழிவைத் தவிர, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு தவிர, சம்பளத்தில் கை வைக்க முடியாது. பம்ப் போனதற்குச் சம்பளம் பிடித்தால் கொப்பியோடு சங்கத்துக்கு வாருங்கள், தொழில் திணைக்களத்துக்கு நாம் சேர்ந்து போவோம். ஈ.பி.எவ். கட்டுகிறார்களா என்றும் அதே கொப்பியில் மாதம் ஒருமுறை எழுதுங்கள். உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம்.

கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களும் அனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பிட வருபவர் கேட்கும் ஆதாரம் இந்தக் கொப்பியும் அந்தப் படங்களும்தான். விண்ணப்பம் நிரப்ப நான் இருக்கிறேன்.

மேசையில் இரண்டு பழைய பில்டர் இருக்கிறது. ஒன்று இந்தப் பக்கத்துக் கல் வேலையில் ஓடியது, மற்றது ஹட்டன் பக்கத்துச் சேற்றில் ஓடியது. தம்பிமாரில் யாராவது வாளைப் பிடியுங்கள், வெட்டிப் பார்ப்போம். காந்தம் என்னிடம் இருக்கிறது.