வலியை வாய்விட்டுச் சொல்லுங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)

சிசேரியன் ஆன அன்று ராத்திரியைப் பற்றி இன்னைக்குப் பேசலாம்னு வந்திருக்கேன். முதுகில் போட்ட மரத்துப்போகிற ஊசி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்போதுதான் வலி ஆரம்பிக்கும். எனக்கு ஆபரேஷன் ஆனபோது விடிய விடியப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நர்சம்மாவைக் கூப்பிட்டால் திட்டுவாங்களோன்னு பயம். எம்.எஸ்.டபிள்யூ. படிச்ச எனக்கே இந்த நிலை! காலையில் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க முடியலை.

"பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" என்பாங்க. வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் நெஞ்சில் சளி கட்டும். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம்.

வலி முற்றிய பிறகு மாத்திரை போடுவதைவிட, டாக்டர் சொன்ன நேரத்துக்கு நேரம் போட்டால்தான் வலி கட்டுப்படும். பாலில் மருந்து இறங்கிடும்னு சிலர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிச்சு வைக்கிறாங்க. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமாகத் தருவதுதான். பாலில் மிகக் கொஞ்சமே போகும். அல்சர், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிடணும்.

அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியனும் மருந்தும் இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அது நம்ம உரிமை. கூச்சப்படாமல் கேளுங்க. "வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. "திரும்பிப் படுக்க முடியலை, பால் கொடுக்க முடியலை, கடைசி ஊசி 8 மணிக்குப் போட்டாங்க"ன்னு விவரமா சொல்லணும். துணைக்கு இருக்கும் அம்மாவோ நாத்தனாரோ மணியைக் குறிச்சு வைக்கட்டும்.

மருந்து போட்டும் வலி கூடிக்கிட்டே போனாலோ, காய்ச்சலோ தையலில் சீழோ வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டணும்.

மாசமா இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னிடம் வாங்க. துணைக்கு வரப் போறவங்களையும் கூட்டிட்டு வாங்க.