சூரைச்செடியின் கீழ் ஓர் இறைவாக்கினர்

(வானொலி மறையுரை – பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



எங்கள் பங்கின் அன்பியம் ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு மாலை, செபம் முடிந்து தேநீர் கொடுக்கும் நேரத்தில், சகோதரி ஒருவர் மெல்லப் பேசத் தொடங்கினார். வெளிநாட்டில் மகனுக்கு வேலை போய்விட்டது, வட்டிக் கடன் ஏறுகிறது, இரவில் தூக்கமில்லை, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றார். நாங்கள் ஆளுக்கொரு அறிவுரை சொன்னோம். "விசுவாசம் இருந்தால் பயம் வராது, இன்னும் அதிகமாகச் செபியுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அதன்பின் மூன்று வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வீடு தேடிப் போனபோது சொன்னார்: "முன்பு தூக்கம் மட்டும்தான் போயிருந்தது. நீங்கள் சொன்ன பிறகு, கடவுளுக்கும் என்னைப் பிடிக்கவில்லையோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது."

நல்ல மனத்தோடுதான் பேசினோம். ஆனாலும் வலிக்கிற இடத்திலேயே அடித்துவிட்டோம்.

இன்றைய முதல் வாசகம் நம்மைத் திருத்துகிறது. கார்மேல் மலையில் பாகாலின் 450 பொய்வாக்கினர்முன் தனியாக நின்றவர் எலியா. அவரது விசுவாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது. அந்த எலியாதான், அரசி ஈசபேலின் மிரட்டல் வந்ததும் உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டு, தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒருநாள் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, சாவே வரட்டும் என்கிறார்.

அப்போது கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "உன் விசுவாசம் எங்கே?" என்று கேட்கவும் இல்லை. முதலில் தூங்க விடுகிறார். பிறகு வானதூதர் தொட்டு எழுப்புகிறார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கோபமில்லை. வானதூதர் இரண்டாம் முறையும் வந்து, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறார். அந்த உணவின் வலிமையால்தான் 40 நாள் நடந்து ஓரேபு மலையை அடைகிறார். ஆண்டவர் அவரிடம் பேசுவது அங்கேதான். உடலுக்கு ஓய்வும் உணவும் கொடுத்த பிறகே உள்ளத்தோடு பேசுகிறார் நம் கடவுள்.

பதற்றம் என்பது என்ன? ஆபத்து என்று மூளை உணர்ந்ததும், அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வயிறு கலங்குகிறது. பாம்பைக் கண்டு ஓடித் தப்பிக்க இது உதவும். நம்மைக் காக்கவே படைத்தவர் வைத்த ஏற்பாடு இது. ஆனால், கடனும் பிள்ளைகளின் தேர்வு முடிவும் பாம்பைப்போல ஊர்ந்து மறைந்துவிடுவதில்லை. கவலை நாள்கணக்கில் நீளும்போது உடலும் ஓய்வில்லாமல் விழித்திருக்கிறது. இது பாவமும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் வியர்வை வழியத் துயருற்ற நம் ஆண்டவர் தந்தையிடம் செபித்தார். தம்முடன் விழித்திருக்கும்படி நண்பர்களையும் கேட்டுக்கொண்டார்.

புனித பிரான்சிஸ் சலேசியார் தமது 'பக்தி வாழ்வுக்கு வழிகாட்டி' நூலில் பதற்றத்தைப் பற்றித் தனி அதிகாரமே எழுதியுள்ளார். வலையில் சிக்கிய பறவை, படபடவென்று சிறகடிப்பதாலேயே இன்னும் அதிகமாகச் சிக்கிக்கொள்கிறது என்கிறார். முதலில் மனத்தை அமைதிப்படுத்துங்கள், மனச்சுமையை ஆன்ம வழிகாட்டியிடமோ உண்மையான நண்பரிடமோ சொல்லுங்கள் என்பதும் அவர் தரும் அறிவுரையே.

ஆகவே, பதற்றம் வரும்போது நாம் சில சின்னச் செயல்களைச் செய்யலாம். உட்கார்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடலாம். 'இயேசுவே' என்று சொல்லிக்கொண்டே விட்டால் அதுவே செபம். மாலைக்குப் பிறகு காப்பி, தேநீரைக் குறைக்கலாம். படுக்கையில் கைப்பேசியைத் தள்ளி வைக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடலாம். நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். தைராய்டு போன்ற காரணங்களும் இருக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறோம், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லையே! சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்கவேண்டாம். அருகில் இருப்பவரை அழையுங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

ஓரேபு மலையில் எலியா, நான் ஒருவனே மீந்திருக்கிறேன் என்று முறையிடுகிறார். ஆண்டவரோ, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்கிறார். துணைக்கு எலிசாவையும் கொடுக்கிறார். பதற்றம் நம்மைத் தனிமைப்படுத்துகிறது. கடவுள் நமக்கு ஆள்களைக் கொடுக்கிறார். அந்த ஆள்களாக இருக்கவேண்டியவர்கள் நாம்தான். வாழ்வளிக்கும் உணவு நானே என்று இன்றைய நற்செய்தியில் சொல்லும் ஆண்டவரைத் திருப்பலியில் உட்கொள்ளும் நாம், சூரைச்செடியின் கீழ் இருப்பவரிடம் அறிவுரையோடு போகிறோமா, அப்பத்தோடு போகிறோமா?

அந்தச் சகோதரியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அன்பியத்தில் ஒருவர் அவருடன் அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தார். இன்னொருவர் சில நாள் இரவுச் சோறு கொண்டுபோனார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது தூங்குகிறார், கூட்டத்துக்கும் வருகிறார்.

அன்புத் தந்தையே, சோர்ந்து படுத்திருப்போரைத் தொட்டு எழுப்பும் கைகளாக எங்களை மாற்றும். நீண்ட பயணத்துக்குத் தேவையான உணவை எங்களுக்கு அன்றாடம் தாரும். ஆமென்.