ரைன் நதியும் கடைமடைக்காரர் செலுத்திய பங்கும்

(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நீர்ப்பாசனத்தைப் பற்றி ஏதேனும் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டபோது எனக்குச் சிறிது அச்சமே உண்டாயிற்று. நம்மவரிற் சிலர் தலைமடையில் நிலம் உடையவர்கள். சிலர் கடைமடையில் உடையவர்கள். இரு சாராரும் இச்சபையில் அருகருகே வீற்றிருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே நம் வாய்க்காலைப் பற்றிப் பேசினால், பாதிச் சபை எழுந்து போய்விடும். மீதிப் பாதி என்மேல் பாயும். ஆகவே தூரதேசத்து ஆறு ஒன்றின் சரித்திரத்தை முதலிற் சொல்லி, பிறகு வீட்டுக்குத் திரும்புகிறேன்.

ஐரோப்பாவில் ரைன் என்றொரு நதி உண்டு. ஸ்விட்ஸர்லாந்து மலைகளிற் பிறந்து, பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாய் ஓடி, ஜெர்மனியைக் கடந்து, நெதர்லாந்தில் கடலோடு கலக்கிறது. நீளம் சுமார் 1,230 கிலோமீட்டர். இந்நதிக்கு நெதர்லாந்தே கடைமடை. மேலே யார் எதைக் கொட்டினாலும் அது கடைசியில் அந்நாட்டார் வாசலுக்கே வந்து சேரும்.

பிரான்ஸில் அல்ஸாஸ் என்னும் பிரதேசத்தில் பொட்டாஷ் சுரங்கங்கள் இருந்தன. பொட்டாஷ் உரத்துக்கு ஆகும் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உப்பை ஆற்றில் கொட்டிவந்தார்கள். ஜெர்மனியிலிருந்தும் உப்பு வந்து சேர்ந்ததாயினும், தனியொரு பங்காகப் பார்க்குமிடத்து இச்சுரங்கங்களின் பங்கே பெரிது. நெதர்லாந்துத் தோட்டக்காரர்களோ கண்ணாடிக் கொட்டகைகளில் காய்கறியும் பூச்செடியும் பயிரிடுகிறவர்கள். உப்புத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை. பயிர் கெட்ட தோட்டக்காரர் ஒருவர் சுரங்கக்காரர்மீது தம் நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தார். வேறு நாட்டில் நிகழ்ந்த செய்கைக்கு இங்கே வழக்காடலாமா என்ற கேள்வி எழுந்தது. தீங்கு விளைந்த இடத்திலும் வழக்காடலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976 நவம்பரில் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு வந்த சில தினங்களுக்குள், அதே ஆண்டு டிஸம்பரில், ரைன் கரை நாடுகள் பான் நகரத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சுரங்கக்காரர் உப்பைக் குறைக்கவேண்டும். அதற்காகும் செலவை நாடுகள் பகிர்ந்துகொள்ளும். யார் யாருக்கு எவ்வளவு? நூற்றுக்கு 30 பங்கு பிரான்ஸ், 30 ஜெர்மனி, 6 ஸ்விட்ஸர்லாந்து. மீதி 34 பங்கு, அதாவது எல்லாரினும் அதிகமான பங்கு, நெதர்லாந்து! அடி வாங்கியவனே வைத்தியச் செலவில் பெரும்பங்கு கொடுத்த கதைதான். இது நியாயமா என்று கேட்டால், அன்று என்று நானும் சொல்வேன். நெதர்லாந்துக்காரர் அசடர்கள் அல்லர். கணக்குப் பார்ப்பதில் பேர் போனவர்கள். வழக்கு ஒருபுறம் நடந்துகொண்டேயிருக்க, இன்னொருபுறம் பணத்தையும் எடுத்து வைத்தார்கள். நியாயம் கிடைக்கும்வரை பயிர் காத்திருக்காது என்பது அவர்கள் கணக்கு.

கையெழுத்தானவுடன் உப்பு நின்றுவிடவில்லை. உப்பைப் பூமிக்குள் செலுத்தும் யோசனையை அல்ஸாஸ் ஜனங்கள் எதிர்த்தார்கள். பிரான்ஸ் உடன்படிக்கையை நிறைவேற்றாமல் இழுத்தடித்தது. 1979-ல் நெதர்லாந்து தன் தூதரையே பாரிஸிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. 1985-ல்தான் உடன்படிக்கை அமலுக்கு வந்தது. 2002-ல் சுரங்கமும் மூடப்பட்டது. செலவாகாத பணத்தைப் பற்றி இரு நாடுகளுக்கும் தகராறு மூண்டு, மத்தியஸ்தர்கள் கணக்கைப் பார்த்து, பிரான்ஸ் மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 2004-ல் தீர்ப்புச் சொன்னார்கள். இந்தக் கணக்கு விஷயத்தை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருகிறேன்.

இந்நாடுகள் கூடிப் பேசுவதற்கு 1950-ல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. எவரையும் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை. அதன் காரியாலயம் ஜெர்மனியில் கோப்ளென்ட்ஸ் என்னும் ஊரில் இருக்கிறது. ஆனால் காரியாலயத்தின் தலைமை வழக்கமாக நெதர்லாந்துக்காரர் கையில் இருந்துவருகிறது. கடைமடைக்காரனுக்கு ஆறு முழுவதும் நன்றாயிருந்தால்தான் பிழைப்பு. ஆகையால் ஆறு முழுவதையும் நினைக்கிறவன் அவனே என்பது கருத்துப்போலும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

முப்பத்தாறு ஆண்டு கமிஷன் பேசியும் ஆகாத காரியத்தை ஒரு தீ விபத்து செய்துவிட்டது. 1986 நவம்பர் முதல் தேதி, ஸ்விட்ஸர்லாந்தில் பேசல் நகரத்தை அடுத்து, ஸான்டோஸ் கம்பெனியின் இரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைக்க இறைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தும் சாயமும் ஆற்றில் இறங்கின. ஆறு செந்நிறமாய் ஓடிற்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. மறு ஆண்டே எல்லா நாடுகளும் ஒரு திட்டத்துக்கு இசைந்தன. அதன் குறி என்ன தெரியுமா? 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்பவேண்டும்! அம்மீன் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவந்து முட்டையிடுவது. ரைனில் அற்றே போயிருந்தது. இரசாயனக் கணக்குப் புரியாத குடியானவனுக்கும் மீன் வந்ததா இல்லையா என்பது புரியும். 1990-ல் உபநதியாகிய ஸீக்கில் ஒரு சால்மன் காணப்பட்டது. 2000-ல் இஃபெட்ஸ்ஹைம் அணையில் மீன் ஏறும் வழி திறந்தது. 2020-க்குள் பேசல் வரை மீன் போகவேண்டும் என்ற குறி மட்டும் தவறிவிட்டது. மேலேயுள்ள அணைகள் தடுத்தன.

இனி வீட்டுக்கு வருவோம். நம் வாய்க்காலில் தலைமடைப் பகுதி தூர்ந்து மேடிட்டுக் கிடக்கிறது. அங்குள்ளவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை. எப்படியும் தண்ணீர் பாய்ந்துவிடுகிறது. கடைமடையில் சென்ற ஆண்டு நாற்றங்கால் கருகியது. “உங்கள் எல்லையில் உங்கள் கடமை” என்று நாங்கள் சொல்ல, “எங்களுக்குத் தூர் வாரத் தேவையில்லை” என்று அவர்கள் சொல்ல, ஐந்து ஆண்டுகளாக மகஜர்கள் எழுதியதுதான் மிச்சம்.

நான் கடைமடைக்காரன். என் ஊரார் என்னை வைவார்கள் என்று அறிந்தே சொல்கிறேன்: தலைமடைப் பகுதியைத் தூர் எடுக்கும் செலவிற் பாதியை நாங்கள் ஏற்கவேண்டும். இது தோல்வி என்று இளைஞர் சிலர் நேற்றே என்னிடம் சினந்தார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. மகஜர் மகஜராகவே இருக்கட்டும். என் நிபந்தனை ஒன்றுதான். வரவு செலவு ஒரே நோட்டில் எழுதப்பட்டு, இரண்டு ஊர் மத்தியிலும் வாசிக்கப்படவேண்டும். மிச்சப்பட்டால் கொடுத்த விகிதப்படியே திரும்பவேண்டும். நோட்டு தலைமடைக்காரர் ஒருவரிடம் இருக்கட்டும். வேலையை மேற்பார்ப்பவர் கடைமடைக்காரராய் இருக்கட்டும்.

ஆற்றில் தண்ணீர் விடுவதற்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. என் பெயரில் ஐயாயிரம் ரூபாயை முதல் வரியில் எழுதிக்கொள்ளும்படி காரியதரிசி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது வரி தலைமடைக்காரர் பெயராக இருக்கவேண்டும் என்பதனால் அது வெறுமையாய் விடப்பட்டிருக்கிறது.