தலைப்பிறையும் ஈர்ப்பு விசையும்



ரமளான் நெருங்கும்தோறும் நம் வாலிபர்களிடமிருந்து ஒரு வினா எழுகின்றது: "நிலவின் ஓட்டம் கணக்கிற்கு உட்பட்டதாயின், ஒரு மாதம் 29 நாட்களிலும் மறுமாதம் 30 நாட்களிலும் முடிவது ஏன்?" நியாயமான வினா. அவர்களை அதட்டி அமரச் செய்வது அறிவுடைமையாகாது.

நிலவு வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வேகத்தில் நேர்க்கோட்டில் ஓடிவிட முனைகின்றது. பூமியின் ஈர்ப்பு விசையோ அதே ஒரு வினாடியில் அதனைச் சுமார் 1.4 மில்லிமீட்டர் தன்பால் இழுக்கின்றது. ஓட்டமும் இழுப்பும் இணைந்து சுற்றுப்பாதையாகின்றன. சூரியனைச் சுற்றும் பூமிக்கும் வியாழனுக்கும் இதுவே நியதி.

அப்பாதை முழு வட்டமன்று, நீள்வட்டம். பூமியிலிருந்து நிலவு சில நாட்களில் சுமார் 3,63,000 கிலோமீட்டர் தொலைவிலும், சில நாட்களில் சுமார் 4,05,000 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கும். அண்மையில் விரைந்தும் சேய்மையில் மெதுவாகவும் செல்லும். ஆகவே ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆனாலும், அது 29 நாள் ஆறரை மணி முதல் 29 நாள் 20 மணி வரை வேறுபடுகின்றது. மாதத்தில் அரை நாளை எண்ண இயலாது. எனவே 29 அல்லது 30.

டமாஸ்கஸ் உமைய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பொறுப்பிலிருந்து, 1375-இல் மறைந்த இப்னு ஷாத்திர், நிலவின் தொலைவு மாறுபாட்டை முன்னோரினும் திருத்தமாகக் கணித்தார். எவ்வாறு ஓடுகிறது என்பதை அவர் காட்டினார். ஏன் அவ்வாறு ஓடுகிறது என்பதை 1687-இல் நியூட்டன் விளக்கினார்.

இனி, நம்மைப் பிரிக்கும் செய்திக்கு வருவோம். அமாவாசை நேரத்தைக் கணக்கு துல்லியமாகக் கூறும். ஆயின் மெல்லிய பிறை கண்ணுக்குப் புலப்படுவது அதன் கோணம், மேகம், தூசு, பார்ப்பவரின் பார்வை ஆகியவற்றைப் பொறுத்தது. நிலவு மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை சூரியனிடமிருந்து விலகுகின்றது. ஆதலால் இங்கு மஃக்ரிபில் தென்படாத பிறை, சில மணி நேரம் கழித்து மேற்கே உள்ள நாட்டில் தென்படலாம். கண்டவரும் பொய்யரல்லர், காணாதவரும் குருடரல்லர். அதே வேளையில், சூரியனுக்கு முன்பே நிலவு மறைந்துவிட்ட மாலையில் பிறை கண்டதாக எவரேனும் கூறினால், அச்சாட்சியத்தைக் கணக்கைக் கொண்டு ஆராய்வது நம் கடமை.

முடிவு உலமாக்களிடமும் காஜியிடமும் இருக்கட்டும். ஒரே தெருவில் அண்ணன் ஒரு நாளும் தம்பி மறுநாளும் பெருநாள் கொண்டாட நேர்ந்தாலும், இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்பதை நிறுத்த வேண்டாம். கோள்கள் தத்தம் பாதையில் இணக்கமாய்ச் செல்ல, நாம் சொந்தங்களை முறித்துக்கொள்வது முறையன்று.

அறிவையும் ஒற்றுமையையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.